ஹோர்டிங் இருக்கிறது, பலன் இல்லை: இடத்தில் உள்ள குறையை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஹோர்டிங் இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். புது இடம் கேட்டு வருகிறவர்களைவிட, எடுத்த இடம் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களே அதிகம். அவர்களில் பலர் முதலில் பழி போடுவது டிசைன் மீது. ஃபிளெக்ஸை இரண்டு முறை மாற்றி அடித்திருப்பார்கள். போய்ப் பார்த்தால் பலகைக்கு முன்னால் ஒரு வேப்பமரம் தழைத்து நிற்கும்.

அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், அதிகச் செலவு வைப்பதைக் கடைசியில். அந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

பலகை இருக்கும் சாலையில் மூன்று முறை போய் வாருங்கள்: காலை 9 மணி, மாலை 5.30, இரவு 8. வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து செல்பேசியில் வீடியோ எடுங்கள், பெரிதாக்காமல், கண் மட்டத்தில். ஒருமுறையாவது பைக்கிலும் போங்கள், ஏனென்றால் நம் ஊர் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டிக்காரர்கள்.

வீட்டுக்கு வந்து வீடியோவை ஓட்டிப் பார்த்து இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை முதன்முதலில் முழுதாகத் தெரிந்த நொடி ஒன்று. அது கண்ணைவிட்டு விலகிய நொடி மற்றொன்று. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் கீழே உள்ள எதையும் சோதிக்க முடியாது.

பலகையை வாடகைக்கு விடும் ஏஜென்சி அனுப்பும் புகைப்படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அது பலகைக்கு நேரெதிரே, தோதான இடத்தில் நின்று எடுத்த படம். அந்த இடத்தில் உங்கள் வாடிக்கையாளர் நிற்பதில்லை.

## அறிகுறி 1: "அப்படி ஒரு பலகையா? நான் பார்க்கவே இல்லையே"

இதைச் சொல்பவர் அந்த வழியாகத் தினமும் போகிறவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு சாலையில் போகிறவரின் பதிலால் பயனில்லை. தினமும் போகிறவர் என்றால் தொடருங்கள்.

மறைப்பு இருக்கிறதா? மாசி, பங்குனியில் இலை உதிர்ந்த காலத்தில் பார்த்துப் பதிவு செய்த இடம், சித்திரையில் வேம்பும் புங்கனும் தழைத்தவுடன் பாதி மறைந்துவிடும். திருவிழாத் தோரணம், கட்சிக் கொடி, புதிதாக நட்ட மின்கம்பம் ஆகியவையும் மறைக்கும். பலகைக்கு முன்னால் பஸ் நிறுத்தம் இருந்து, பலகையின் அடிப்பகுதி தாழ்வாகவும் இருந்தால், ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் உங்கள் தொலைபேசி எண் மறையும்.

தோரணம் என்றால் சில நாள் பொறுத்தால் போதும். மரம் என்றால் பலகையை உயர்த்தவோ அதே வாடகைக்கு வேறு இடம் தரவோ ஏஜென்சியிடம் கேளுங்கள். "இரவோடு இரவாகக் கிளையை வெட்டிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சாலையோர மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு வரை போய் அனுமதி வாங்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இருபது வருடம் நிழல் தந்த மரத்தை மூன்று மாத விளம்பரத்துக்காக மொட்டையடிப்பதை என்னால் ஏற்க முடியாது. வெட்டிய கிளைக்குப் பின்னால் தெரியும் கடைப் பெயரை ஊர் எப்படி நினைவு வைத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மறைப்பு இல்லையா? அடுத்ததைப் பாருங்கள்.

பலகை யாரைப் பார்த்து நிற்கிறது? கட்டிட மாடியில் உள்ள பலகைகளில் இந்தக் குறை அதிகம். கட்டிடம் சாலைக்கு இணையாக இருப்பதால் பலகையும் இணையாகவே நிற்கும். எதிரே வருபவருக்கு அது ஒரு கோடு. சாலையோடு 30 டிகிரிக் கோணத்தில் நிற்கும் 40 அடிப் பலகை, தூரத்திலிருந்து வருபவர் கண்ணுக்கு 20 அடிப் பலகைதான். நீங்கள் வாடகை கொடுப்பதோ 40 அடிக்கு. வீடியோவில் தூரத்திலேயே பலகை அகலமாகத் தெரிகிறதா, பட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பட்டை என்றால் பலகையின் இரும்புச் சட்டத்தைத் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். மாடிப் பலகையைத் திருப்புவது சுலபமல்ல. முடியாது என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: பலகைக்கு எதிரே சிக்னல் இருந்து, வண்டிகள் நின்று திரும்பிப் பார்க்கும் இடமென்றால் இணையாக நின்றாலும் குறையில்லை.

சாலையின் எந்தப் பக்கம்? நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறவர்கள். இடப்பக்கப் பலகை இயல்பாகப் பார்வைக்குள் வருகிறது. வலப்பக்கப் பலகைக்குக் கண், நடுத்தடுப்பையும் எதிர்ச் சாரி லாரிகளையும் தாண்ட வேண்டும். இருவழிச் சாலையில் இது பெரிய குறை இல்லை. நான்கு வழி, ஆறு வழி என்றால் வலப்பக்க இடத்துக்கு இடப்பக்க வாடகை தராதீர்கள்.

கூட்டத்தில் ஒன்றா? ஊர் நுழைவாயிலில் ஏழெட்டுப் பலகைகள் வரிசையாக நிற்கும். எல்லோரும் வைக்கும் இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். ஒரு சோதனை சொல்கிறேன். ஊருக்குப் புதிய ஒருவருக்கு உங்கள் வீடியோவை ஒருமுறை மட்டும் காட்டி, நினைவில் நின்ற மூன்று பெயர்களைக் கேளுங்கள். உங்கள் பெயர் வரவில்லையென்றால் அந்தக் கொத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் தனியாக நிற்கும் சிறிய பலகையைத் தேடுங்கள். 20-க்கு 10 அடி தனிப் பலகை, கொத்தில் உள்ள 40-க்கு 20 அடிப் பலகையைவிட நன்றாக வேலை செய்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 2: "பார்த்தேன், ஆனால் என்ன விளம்பரம் என்று தெரியவில்லை"

வீடியோவில் குறித்த இரண்டு நொடிகள் இப்போது வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகிறது. 90-இல் 25 மீட்டர். பலகை 150 மீட்டரில் தெரிய ஆரம்பித்து, கடைசி 30 மீட்டரில் பக்கவாட்டில் விலகிவிடும் என்று வைத்தால், மீதி 120 மீட்டர். நகரச் சாலையில் 7 நொடி, நெடுஞ்சாலையில் 5 நொடிகூட இல்லை. அதிலும் ஓட்டுபவர் சாலையையே பார்க்க வேண்டும், பார்க்கட்டும். உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று நொடிகள்.

முதலில் வாசகத்தைக் குறையுங்கள். கடையின் பெயர், என்ன கிடைக்கும், எங்கே இருக்கிறது. இந்த மூன்றுக்கு மேல் நெடுஞ்சாலைப் பலகையில் இடமில்லை. கிளைகளின் பட்டியல், மூன்று தொலைபேசி எண்கள், உரிமையாளர் படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

எழுத்தின் உயரத்தை அளவிடுங்கள். தொழிலில் உள்ள கைக்கணக்கு: 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. 100 மீட்டரில் நிம்மதியாகப் படிக்க வேண்டுமென்றால் சுமார் 33 அங்குலம், ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி. தமிழில் ஒன்று கவனியுங்கள். 'கீ'யின் மேல் சுழியையும் 'கூ'வின் கீழ் வளைவையும் சேர்த்து அளந்து 33 அங்குலம் என்பார்கள். அளக்க வேண்டியது 'க' என்னும் உடல் எழுத்தை மட்டும். அழகுக்காக மெலிந்த எழுத்துருவைப் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளியே தூரத்தில் காணாமல் போய்விடும்.

கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு ஓர் எளிய வழி: டிசைனை விசிட்டிங் கார்டு அகலத்துக்கு, அதாவது 9 சென்டிமீட்டருக்கு அச்சிட்டு, கண்ணிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். 40 அடிப் பலகை 100 மீட்டரில் அந்த அளவுதான் தெரியும். அச்சகத்தில் பெரிய கணினித் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்வதற்கு முன் இதைச் செய்திருந்தால் எத்தனையோ ஃபிளெக்ஸ் மிஞ்சியிருக்கும்.

வாசகம் குறைந்தது, எழுத்தும் பெரிது, அப்படியும் படிக்க முடியவில்லையா? அப்படியானால் பலகை தெரியும் தூரமே போதாது. வளைவு முடிந்தவுடன், மேம்பாலம் இறங்கியவுடன் இருக்கும் இடங்கள் இப்படித்தான். சொல்ல நிறைய இருக்கிறது என்பவர் வண்டி நின்று நகரும் இடத்துக்கு மாற வேண்டும்: சிக்னலை நோக்கி வரிசை நிற்கும் பகுதி, ரயில்வே கேட்டுக்கு முந்தைய சாலை, சுங்கச்சாவடியை நெருங்கும் பகுதி. சந்திப்பிலேயே வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 46 வழிகாட்டுதல், சந்திப்பு, பாலம், சாலைக் கடவு ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் விளம்பரப் பலகை கூடாது என்கிறது. நகருக்குள் அதை 50 மீட்டராகக் குறைக்கலாம் என்று இடம் தருகிறது. வரிசை நிற்பது எப்படியும் அந்த எல்லைக்கு வெளியிலும் நீளும்.

## அறிகுறி 3: "காலையில் பளிச்சென்று இருக்கிறது, மாலையில் கறுப்பாகத் தெரிகிறது"

விளக்கு எரிகிறதா? இரவு 8 மணி வீடியோவைப் பாருங்கள். நான்கில் ஒன்று அணைந்திருந்தாலும் பெயரின் பாதி இருட்டில் இருக்கும். டைமர் 7 மணிக்கு வைத்திருந்தால், கார்த்திகை, மார்கழியில் ஒரு மணி நேரம் வீண். இவை ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் குறைகள். விளக்கு எரியாத நாட்களுக்கு வாடகை கழிவு உண்டு என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வாங்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் தீரும்.

விளக்கு சரி, 5 மணிக்கே கறுப்பாக இருக்கிறதா? இது சூரியனின் திசை. அவிநாசி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ப் பக்கமிருந்து கோவைக்குள் வருபவர் மேற்கு, தென்மேற்காக வருகிறார். மாலையில் சூரியன் அவர் கண்ணில். அவர் பார்க்க வேண்டிய பலகையின் முகமோ நிழலில். எத்தனை விளக்கு போட்டாலும் வெயிலோடு போட்டியிட முடியாது. அதே பலகை காலையில் வருபவருக்கு நேர் வெளிச்சத்தில் ஜொலிக்கும். ஆகவே அது காலை வாடிக்கையாளருக்கான முகம்: மருத்துவமனை, பள்ளி, பகலில் துணி எடுக்க வருகிறவர்கள். மாலை வாடிக்கையாளர் வேண்டும் என்பவர் அதே கம்பத்தின் மறுமுகத்தை, ஊரைவிட்டு வெளியே போகிறவர் பார்க்கும் முகத்தைக் கேட்க வேண்டும். இடத்தை மாற்றாமல் முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது பேசி முடிக்கக்கூடிய காரியம்.

## அறிகுறி 4: "பலகை எல்லோருக்கும் தெரிகிறது, கடைக்குத்தான் வருவதில்லை"

தவறான இடம் என்று சொல்லத்தக்கது இதுதான். மற்றவை பெரும்பாலும் பராமரிப்புக் குறைகள்.

திருப்பம் முடிந்த பிறகா பலகை? ஒரு மருத்துவமனைக்காரர் நல்ல யூனிபோல் (ஒற்றைக் கம்பத்தில் நிற்கும் பலகை) எடுத்திருந்தார். தெளிவான எழுத்து, சிறந்த விளக்கு. மருத்துவமனைக்குத் திரும்பும் சாலை, பலகைக்கு 200 மீட்டர் முன்பே போய்விட்டது. படித்துவிட்டுத் திரும்ப நினைப்பவர் ஒன்றரைக் கிலோமீட்டர் போய் யூ-டர்ன் அடிக்க வேண்டும். அவசரத்தில் நோயாளியோடு வருபவருக்கு அந்தப் பலகை தொல்லையாக மாறியிருந்தது.

நான்குவழிச் சாலையில் இது இன்னும் மோசம். சாலையோர உணவகத்துக்குப் போக வேண்டுமென்றால் சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்க வேண்டும். அந்த இறக்கம் உணவகத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே இருக்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர் என்பது 9 நொடி. பார்த்து, வண்டியிலிருப்பவர்களைக் கேட்டு, இடப்பக்கம் ஒதுங்கி இறங்க அது போதாது. உங்கள் கடையிலிருந்து அளக்காதீர்கள். கடைக்கு இறங்கும் வழியிலிருந்து பின்னோக்கி அளங்கள். அதற்கு இரண்டு கிலோமீட்டர் முன் ஒரு பலகை, இறக்கத்துக்குச் சற்று முன் அம்புக்குறியோடு ஒரு சிறிய பலகை. ஒரே பெரிய பலகையைவிட இந்த இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும்.

வருகிறவர் பார்க்கிறாரா, போகிறவர் பார்க்கிறாரா? சோமனூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் கோவைக்கு நகை எடுக்க வருபவருக்கு ஊருக்குள் வரும் திசையில் பலகை வேண்டும். வாங்கி முடித்துத் திரும்பும்போது பார்த்து என்ன செய்வார்? இனிப்புக் கடை, உணவகம், வீட்டுமனை ஆகியவற்றுக்கு இது தலைகீழ். வீடு திரும்பும் திசை நல்லது.

அந்தச் சாலையில் போகிறவர் உங்கள் ஊர்க்காரரா? வண்டி எண்ணிக்கையைக் காட்டித்தான் இடத்தை விற்பார்கள். சேலம்–கொச்சி சாலையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. அதில் எத்தனை வண்டி உங்கள் கடைக்கு வரக்கூடியது? பலகை அருகே பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு 15 நிமிடம் நம்பர் பிளேட்டுகளை எண்ணுங்கள். டிஎன் 37, 38, 66, 99 என்றால் கோவை. 39, 42 என்றால் திருப்பூர். கேஎல் என்றால் கேரளம். லாரிகளைத் தனியாகக் குறியுங்கள். பல் மருத்துவமனை, டியூஷன் மையம், மளிகைக் கடை வைத்திருப்பவர் இந்தக் கணக்கைப் பார்த்தால், நெடுஞ்சாலையை விட்டு, சந்தைக்குப் போகும் சாலையில் பாதி வாடகைக்கு இடம் எடுப்பார். டயர் கடை, தங்கும் விடுதி, பெரிய ஜவுளிக் கடை என்றால் வெளியூர் எண்களும் உங்களுக்கு வாடிக்கையாளர்களே.

டீக்கடைக்காரரிடமும் பேசுங்கள். "அந்தப் போர்டுங்களா? சாயங்காலம் இங்கே மில் பஸ்தானுங்க நிற்கும், கார் எல்லாம் அந்தப் பக்கம் பைபாஸில் போய்விடும்" என்று ஒருவர் சொன்ன ஒரு வரி, ஒரு வாடிக்கையாளருக்கு ஆறு மாத வாடகையை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

எதுவும் பிடிபடவில்லையா? உண்மையிலேயே வருவதில்லையா, அல்லது வருவது தெரியவில்லையா என்று பாருங்கள். பலகையில் மட்டும் போடும்படி தனியாக ஒரு தொலைபேசி எண் வாங்குங்கள். பில் போடும் இடத்தில் "எந்த வழியாக வந்தீர்கள்?" என்று ஒரு மாதம் கேட்டு எழுதி வையுங்கள். "விளம்பரம் பார்த்தீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், வழியைக் கேட்டால் உண்மை வரும்.

## அறிகுறி 5: "முதலில் நன்றாக இருந்தது, இப்போது பலனில்லை"

ஃபிளெக்ஸ் வெளுத்திருக்கலாம். நம் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். மாற்றுங்கள். ஒரே டிசைன் ஓராண்டாகத் தொங்கினால் தினமும் போகிறவர் கண் அதைத் தாண்டிவிடும், அப்போதும் மாற்றுங்கள். உங்கள் பலகைக்கு முன்னால் புதிய பலகை முளைத்திருந்தால் ஏஜென்சியிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் போக்குவரத்தே இடம் மாறியிருக்கிறது. கோவை அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. கீழே இருந்த பலகைகளைப் பார்த்துப் போனவர்களில் ஒரு பகுதி அன்றே மேலே ஏறிவிட்டது. மதுரையில் நத்தம் சாலை மேம்பாலம் 2023-இல் திறந்தபோதும், சென்னையில் தென்மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு மாறியபோதும் சாலையோரக் கடைகள் இதையே உணர்ந்தன.

இங்கே அவசரப்பட வேண்டாம். முதலில் மீண்டும் 15 நிமிடக் கணக்கு. மேலே போவது கடந்து போகும் வண்டி. கீழே மிஞ்சுவது அந்தப் பகுதியில் நின்று திரும்பும் வண்டி. கீழ்ச் சிக்னலை ஒட்டிக் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கூட்டமே போதுமானதாக இருக்கலாம். வாடகையை மட்டும் குறைத்துப் பேசுங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருபவர் வேண்டும் என்றால், பாலம் ஏறுவதற்கு முன் உள்ள இடத்துக்கு நகருங்கள். "பலகையைப் பாலத்தின் உயரத்துக்குத் தூக்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இல்லாமல் பேச்சையே தொடராதீர்கள். உயரம் கூடக் கூடக் காற்றின் பிடி கூடும்.

புதிதாக இடம் எடுப்பவர்கள், அந்தச் சாலையில் மேம்பாலமோ புறவழிச் சாலையோ திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாண்டு ஒப்பந்தம் போடுங்கள்.

## அறிகுறி 6: நோட்டீஸ் வந்திருக்கிறது, அல்லது பலகை ஆடுகிறது

இதில் நீங்களாகச் சரிசெய்ய எதுவுமில்லை.

நோட்டீஸ் என்றால் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். நகர்ப்புறங்களில் ஹோர்டிங்குக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும் பொருந்தும். உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இல்லாமல் வைக்க முடியாது. நகலில் இருக்கும் அளவும் இடமும் நேரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, காலாவதி தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் உரிமம் ஆகாது. தேசிய நெடுஞ்சாலையின் நில எல்லைக்குள் பலகை இருப்பதாக நோட்டீஸ் சொன்னால், அளவையாளரையும் வழக்கறிஞரையும் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரை அடுத்த மாத வாடகையை நிறுத்தி வையுங்கள்.

ஆடுகிறது என்றால் அன்றே கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும். அடித்தளத் திருகுகளில் துரு, கம்பத்தின் அடியில் விரிசல், சாய்வு, தளர்ந்த ஃபிளெக்ஸ் ஆகியவை உங்கள் கண்ணுக்கே தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி வீசும் என்பது கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி அருகே ஹோர்டிங் அமைக்கும் வேலையின்போது சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது விழுந்த பலகையின் அளவு 120-க்கு 120 அடி. அந்த மாநகராட்சி அனுமதிக்கும் உச்சம் 40-க்கு 40. பதினேழு பேர் இறந்தார்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய ஒரு பேனர் 23 வயதுப் பெண்ணின் மீது சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மீது ஏறியது.

பலகையில் இருப்பது ஏஜென்சியின் பெயரல்ல, உங்கள் கடையின் பெயர். ஆகவே இடம் எடுக்கும் நாளிலேயே கட்டமைப்பு உறுதிச் சான்றைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த இடம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே தொங்குகிற பலகை காற்றில் அசைவதை நீங்களே பார்த்தால், முதலில் கீழே வண்டி நிறுத்தியிருப்பவர்களையும் தள்ளுவண்டிக்காரரையும் அந்த இடத்தை விட்டு நகர்த்துங்கள். அடுத்து உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள். ஏஜென்சியை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.